பன்னிரண்டு செகண்டுத் திருடி

"பன்னிரண்டே செகண்டு, மேடம். அதுக்குள்ள என்னைத் திருடி ஆக்கிட்டாங்க."

அந்தப் பெண் இதைச் சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். ஆனால் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். காகிதக் கைக்குட்டைப் பெட்டியை வாடிக்கையாளர் பக்கம் நகர்த்தி வைப்பதுதான் இந்த அலுவலகத்தில் எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் மிக முக்கியமான துப்பறியும் பணி.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருஷம் போட்டோகாப்பி மெஷின்களின் வயிற்றுக்குள் கையை விட்டுச் சிக்கிய பேப்பரை உருவியவன். இப்போது என் அக்கா மகள் நடத்தும் துப்பறியும் நிறுவனத்தில் உதவியாளன். நிறுவனம் என்றால் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, மூச்சு வாங்க வைக்கும் இரண்டு மாடிப் படிகள், அவ்வளவுதான். வெளியார் முன்னால் அவளை 'பாஸ்' என்றுதான் கூப்பிட வேண்டும். வாய் தவறி 'பாப்பா' என்று சொன்னால் அன்று முழுக்க என்னோடு பேச மாட்டாள்.

பாஸ் தண்ணீர் கிளாஸை அந்தப் பெண்ணிடம் தள்ளினாள். "முதல்ல குடிங்க. அப்புறம் ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க."

அவள் சொன்னாள். ஏணி செய்யும் கம்பெனியில் ஆறு வருஷமாக வேலை. ஒவ்வொரு ஏணிப் பெட்டிக்குள்ளும் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, எப்படி விரிப்பது, எப்படி மடக்குவது என்று, அந்தக் கையேட்டை எழுதுகிறவள் இவள்தான். நம்மில் யாரும் அதைப் பிரித்துப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

"புதுசா ஒரு ஏணி வருது மேடம். மடக்கினா தோள் பைக்குள்ள போயிடும். கையேடு எழுதறதுக்காக அதோட வரைபடத்தை முதலாளி ரகசியமா எனக்கு மெயில் பண்ணினார். அது செவ்வாய்க்கிழமை. இன்னைக்குக் காலையில கூப்பிட்டு, நீ அதை எதிர்க் கம்பெனிக்குக் கொடுத்துட்டேன்னு சொல்றார்."

"எதிர்க் கம்பெனி எங்க இருக்கு?" என்றேன்.

"எதிர்லதான் சார். ரோட்டைத் தாண்டினா அவங்க கேட்டு."

"வசதியான பகை" என்றேன். பாஸ் முறைத்தாள்.

"ஆதாரம் என்ன காட்டினாங்க?"

அந்தப் பெண் செல்போனை மேஜை மேல் வைத்தாள். "முதலாளியோட மச்சான் ஒருத்தர் இருக்கார். அவர்தான் கம்பெனியில கம்ப்யூட்டரைப் பாத்துக்கறவர். எங்களுக்கே தெரியாம எல்லாக் கம்ப்யூட்டர்லயும் ஏதோ போட்டு வெச்சிருக்கார். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அதுவே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கும். செவ்வாய்க்கிழமை காலையில எடுத்த என்னோடதையெல்லாம் ஒண்ணாச் சேர்த்து, ஓடற படமா ஆக்கி, கம்பெனியில இருக்கற நாப்பத்திமூணு பேருக்கும் அனுப்பிட்டார்."

"நாப்பத்திமூணு பேருக்குமா! வாசல்ல நிக்கற பூனையை மட்டும் ஏன் விட்டார்?"

"மாமா" என்றாள் பாஸ். நான் வாயை மூடிக்கொண்டேன். மூடுவதற்குத்தான் காரணம் வேண்டும், திறப்பதற்கு எனக்குக் காரணமே தேவைப்படாது.

மூவரும் குனிந்து பார்த்தோம். இவளுடைய கம்ப்யூட்டர் திரை. அரை செகண்டுக்கு ஒன்றாகக் காட்சிகள் தாவித் தாவி ஓடின. மடக்கு ஏணியின் வரைபடம் பெரிதாகத் திறக்கிறது. பிறகு என்னென்னவோ பக்கங்கள். பிறகு ஒரு மெயில், எதிர்க் கம்பெனியின் முகவரிக்கு. அதில் ஒரு ஃபைல் இணைக்கப்படுகிறது. 'அனுப்பப்பட்டது' என்று வருகிறது. அவ்வளவுதான், பட்டென்று மறுபடியும் முதலிலிருந்து.

"நிறுத்திப் பாக்க முடியாதா இதை?"

"இது வீடியோ இல்ல மாமா, அசையும் படம். நீங்க கதை சொல்ற மாதிரி. முடிஞ்ச இடத்துல திரும்ப ஆரம்பிக்கும்."

இணைத்த ஃபைலின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அழிரப்பரால் தேய்த்த மாதிரி ஒரு சாம்பல் கறைதான் இருந்தது. படத்தை அந்த அளவுக்குச் சின்னதாக்கியிருந்தார்கள்.

"வரைபடத்தை நீங்க அனுப்பல?" பாஸ் கேட்டாள்.

"சத்தியமா இல்ல மேடம்."

"ஆனா அந்த மெயில்?"

"மெயில் நான்தான் அனுப்பினேன்" என்றாள் தலையைக் குனிந்துகொண்டு. "அதுல என்ன இருந்துச்சுன்னு மட்டும் கேக்காதீங்க. அன்னைக்கே அழிச்சிட்டேன். அவங்ககிட்டயும் போய்க் கேட்டுடாதீங்க, எல்லாம் கெட்டுப்போயிடும்."

எனக்குப் புரிந்துவிட்டது. காதல்! எதிர்க் கம்பெனியில் ஒருவன் இருக்கிறான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவள், நடுவில் இத்தனை ஏணி. பாஸுக்குக் கண்ணைக் காட்டினேன். அவள் என் கண்ணைப் பார்க்கவே இல்லை.

"இன்னைக்கு நாலு மணிக்கு எல்லாரையும் கூட்டி வெச்சு என்னை வெளிய அனுப்பப் போறார். வேலை போனா போகட்டும் மேடம். திருடின்னு பேரு வாங்கிட்டுப் போனா, அப்புறம் நான் எந்த வாசல்படியில ஏற முடியும்? நாலு மணிக்கு முன்னாடி என் பேரு சுத்தமாகணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி இரண்டு.

பாஸ் இன்னும் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, இதுல என்ன இல்ல சொல்லுங்க."

"நியாயம் இல்ல."

"கடிகாரம் இல்ல. எந்தக் கம்ப்யூட்டரா இருந்தாலும் திரைக்குக் கீழ ஒரு பட்டை ஓடும், மூலையில மணி காட்டும். இதுல அந்தப் பட்டையே இல்ல. யாரோ வேணும்னே வெட்டி எடுத்திருக்காங்க."

நான் துள்ளி எழுந்தேன். "அட, மணியைத் திருடிட்டானா! உண்மையான திருடன் அந்த மச்சான்தான்!"

"வாங்க, அவரைப் பார்த்துடுவோம்" என்று பையை எடுத்துக்கொண்டாள் பாஸ். நான் படிகளை இரண்டிரண்டாக இறங்கினேன். கடைசி நான்கை மொத்தமாக இறங்கினேன், அது என் விருப்பமில்லை.

*

மச்சான் ஒரு சின்ன அறையில் இருந்தார். ஜன்னல் இல்லை. மேஜையைச் சுற்றி ஒயர்கள். ஒரு சுவர் முழுக்கப் பெரிய திரை. அதற்கு முன்னால் ஒரு தாடி உட்கார்ந்திருந்தது, தாடிக்குள் எங்கோ அவரும் இருந்தார். குற்றவாளி என்றால் கொஞ்சம் பதறுவான் என்று நினைத்து வந்தேன். இவரோ எங்களைப் பார்த்ததும், யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போல நாற்காலியை இழுத்துப் போட்டார். கையேட்டுப் பெண்ணைப் பார்த்ததும் மட்டும் முகம் கொஞ்சம் சுருங்கியது.

"அந்தப் படத்தை எப்படிச் செஞ்சீங்க?" பாஸ் கேட்டாள்.

அவ்வளவுதான், அணை உடைந்தது. "மூணு வாரமா பைத்தான் கத்துக்கறேன் மேடம்!"

"மலைப்பாம்பையா?" என்றேன்.

"கம்ப்யூட்டருக்கு நாம உத்தரவு எழுதற மொழி சார். எழுதின உத்தரவுக்கு ஸ்கிரிப்ட்னு பேரு. என்னோடது மொத்தம் பதினெட்டே வரி. இருபத்திநாலு ஸ்கிரீன்ஷாட், எல்லாம் சேர்ந்து அறுபது எம்பி. மெயில்ல ஏறவே ஏறாது. இந்தப் பக்கம் உள்ள விட்டேன், அந்தப் பக்கம் அரை எம்பியா வெளிய வந்துச்சு!"

"அறுபது கிலோ உள்ள போய் அரைக் கிலோ வெளிய வந்தா, மலைப்பாம்புதான்யா அது."

"எப்படிச் சுருக்கினீங்க?" என்று பாஸ் நடுவில் புகுந்தாள்.

அவர் விரல் விட்டு எண்ணினார். முதலில் படத்தின் அகலம், உயரம் இரண்டையும் பாதியாக்கினாராம். பிறகு லட்சக்கணக்கான கலர்களைத் தூக்கிவிட்டு வெறும் பதினாறை வைத்துக்கொண்டாராம். "அப்புறம் கீழ்ப்பட்டையை வெட்டினேன்."

நான் பாஸைப் பார்த்தேன். பாஸ் அவரைப் பார்த்தாள். "ஏன் வெட்டினீங்க?"

"அதுல கடிகாரம் இருக்கே மேடம்! ஒவ்வொரு படத்துலயும் மணி மாறும். முந்தின படத்துல இருந்து எது மாறியிருக்கோ அதை மட்டும்தான் இந்த மாதிரிப் படம் சேர்த்து வைக்கும். சும்மா மணி மாறினதையெல்லாம் எதுக்குச் சுமக்கணும்? வெட்டினதும் இருபது கேபி குறைஞ்சுது தெரியுமா?"

சொல்லும்போது அவர் கண்கள் பளபளத்தன. இதில் சூதும் இல்லை, வாதும் இல்லை. வில்லனைப் பிடிக்க வந்த இடத்தில் எடை குறைக்கும் டாக்டரைப் பிடித்திருக்கிறோம்.

"மூலப் படங்களைக் காட்டுங்க" என்றாள் பாஸ்.

"அழிச்சிட்டேன்."

"என்னது?"

"ஸ்கிரிப்டோட கடைசி வரியே அதுதான் மேடம். வேலை முடிஞ்சதும் மூலப் படத்தையெல்லாம் அதுவே அழிச்சிடும். இடம் மிச்சம்."

"ஏறின ஏணியை எட்டி உதைக்கறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்றேன். "ஏணி கம்பெனியிலயே பாக்கறது இப்பத்தான்."

மணி மூன்று அடிக்கப் பத்து நிமிஷம். பாஸ் நாற்காலியில் சாய்ந்து நெற்றியைத் தேய்த்தாள். அவள் நெற்றியைத் தேய்த்தால் கைவசம் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். கையேட்டுப் பெண் சுவரோரம் நின்று தன் அடையாள அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். பாவம், காதலித்தது ஒரு குற்றமா?

சுவர்த் திரையில் அந்தப் பாழாய்ப்போன படம் சுற்றிக்கொண்டே இருந்தது. வரைபடம், மெயில், அனுப்பப்பட்டது. வரைபடம், மெயில், அனுப்பப்பட்டது. எல்லோரும் நடுவில் பார்த்துக்கொண்டிருந்ததால் நான் மூலையைப் பார்த்தேன். போட்டோகாப்பி மெஷினில் இருபத்திரண்டு வருஷம் கற்றது அதுதான், பேப்பர் எப்போதும் ஓரத்தில்தான் சிக்கும்.

"அம்மா, வலது பக்க மூலையில சின்னதா ஒரு கட்டம் இருக்கே, அது என்ன?"

அந்தப் பெண்ணின் காது சிவந்தது. "அது... ஃபுட்பால் மேட்ச் சார். ஸ்கோர் மட்டும் போட்டு வெச்சிருந்தேன்."

"ஆபீஸ் நேரத்துலயா?" என்றார் மச்சான்.

"நீங்க ஆபீஸ் நேரத்துல மலைப்பாம்பு வளர்க்கலாம், அவங்க ஸ்கோர் பாக்கக் கூடாதா? நீ சொல்லும்மா, என்ன ஆச்சு?"

"மூணுக்கு ஒண்ணு சார்! ஜெயிச்சுட்டோம்! கடைசி கோல் இருக்கே, பாதி மைதானத்துல இருந்து அடிச்சான்!" ஒரு நொடி அவள் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. உடனே நிலைமை ஞாபகம் வந்து அணைந்தது.

"மூணுக்கு ஒண்ணா? படம் முடியும்போது ஒண்ணுக்கு பூஜ்யம்னுல்ல காட்டுது?"

நான்கு பேரும் மூலையைப் பார்த்தோம். பூஜ்யம்-பூஜ்யம். ஒன்று-ஒன்று. இரண்டு-ஒன்று. திடீரென்று பூஜ்யம்-பூஜ்யம். மறுபடி இரண்டு-ஒன்று, மூன்று-ஒன்று. அப்புறம் பொத்தென்று பூஜ்யம்-பூஜ்யம். கடைசியில் ஒன்று-பூஜ்யம்.

"போட்ட கோலை யாருய்யா திருப்பி வாங்கினது?" என்று கத்தினேன்.

மச்சான் நிதானமாகத் தாடியைத் தடவினார். "அது ஒண்ணும் இல்ல சார். இந்த அளவுக்குச் சுருக்கும்போது சில விஷயங்கள் போயிடும். ரெண்டு கோல் போயிருக்கும்."

"கோல் எப்படிப் போகும்?"

"என் தாடியே போச்சே சார்!"

நான் தாடியைப் பார்த்தேன், அது இருந்த இடத்திலேயே இருந்தது. அவரே ஒரு ஃபைலைத் திறந்தார். இந்த ஸ்கிரிப்டை முதன்முதலில் தன் மேலேயே பரிசோதித்தாராம். தாடி வளர்க்க ஆரம்பித்த நாளிலிருந்து தினம் ஒரு போட்டோ, இருபத்திநாலு நாளைக்கு. அதையெல்லாம் சேர்த்து ஓடும் படமாக்கியிருந்தார்.

படம் ஓடியது. மழுமழுவென்ற மச்சான். அடுத்த அரை செகண்டில் புதர். புதர் இன்னும் அடர்ந்தது. பிறகு ஒரே தாவலில் மழுமழு. மறுபடி காடு. மறுபடி மழுமழு. கடைசியில் ஒரு வாரத் தாடியோடு பரிதாபமாக முடிந்தது.

"பதினாறே கலர்தானே, முடியெல்லாம் கன்னத்தோட கலந்து போயிடுது" என்றார் வருத்தத்துடன். "அடுத்த தடவை எழுதும்போது எப்படியாவது முடியைக் காப்பாத்தணும்."

பாஸ் சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் சத்தமில்லாமல் தோள் குலுங்கியது. அப்புறம் மேஜையில் தலையை வைத்துவிட்டாள். "பாப்பா, என்னாச்சு?" என்று நான் வாயை விட்டேன். அதைக்கூட அவள் கண்டுகொள்ளவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அந்தப் போட்டோவுக்கெல்லாம் என்ன பேரு வெச்சீங்க?"

"வெறும் நம்பர்தான் மேடம். ஒண்ணு, ரெண்டுன்னு இருபத்திநாலு வரைக்கும். ஸ்கிரீன்ஷாட்டுக்கும் அதேதான்."

"உங்க ஸ்கிரிப்ட் அதை எந்த வரிசையில எடுத்துச்சு?"

"நம்பர் வரிசையிலதான்."

"பாத்தீங்களா?"

"எதுக்குப் பாக்கணும்? கம்ப்யூட்டருக்கு எண்ணத் தெரியாதா?"

"நல்லாத் தெரியும். ஆனா நீங்க அதை எண்ணச் சொல்லல. பேர் வரிசையில அடுக்கச் சொல்லியிருக்கீங்க. எடுத்த வரிசையைக் கொஞ்சம் திரையில காட்டுங்க."

அவர் ஏதோ தட்டினார். பட்டியல் விழுந்தது. 1. அதற்கு அடுத்து 10. அப்புறம் 11, 12 என்று 19 வரை. அதற்கும் அப்புறம்தான் 2. உடனே 20. அப்புறம் 21, 22, 23, 24. எல்லாம் முடிந்த பிறகு 3, 4, 5 என்று 9 வரை சாவகாசமாக வந்தன.

"இது என்ன பைத்தியக்காரத்தனம்?" என்றேன்.

"அகராதி வரிசை மாமா. அகராதியில ஒரு வார்த்தை எவ்வளவு நீளம்னா பாக்கறாங்க? முதல்ல என்ன இருக்குன்னுதானே பாக்கறாங்க. ஒண்ணுல ஆரம்பிக்கறதெல்லாம் ஒரு கூட்டம், அது முடிஞ்சாத்தான் ரெண்டு. பத்தும் பத்தொன்பதும் ஒண்ணுலதானே ஆரம்பிக்குது?"

மச்சான் தாடியில் வைத்த கையை எடுக்கவே இல்லை. "அப்போ என் தாடி கொட்டல?"

"கொட்டல. உங்களுக்கு மூணாவது நாள் முகம் இருபத்திநாலாவது நாளுக்கு அப்புறம் வந்திருக்கு."

"அய்யோ" என்றார். அப்புறம் மெல்லக் கையேட்டுப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சி எல்லாம் வடிந்துவிட்டது. "அய்யய்யோ, அம்மா..."

"அழறதுக்கு நேரம் இல்ல" என்றாள் பாஸ். "மூலப் படம் போனா போகட்டும். இந்தப் படத்தையே பிரிச்சா இருபத்திநாலு துண்டும் கிடைக்கும். சரியான வரிசையில அடுக்குங்க. எத்தனை நிமிஷம் ஆகும்?"

"பத்து."

"அஞ்சுல முடிங்க."

அவர் தாடியைத் தொடாமல் ஆறில் முடித்தார்.

*

நான்கு மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் நாற்பத்து மூன்று பேரும் கூடியிருந்தார்கள். நாற்காலி கிடைக்காதவர்கள் ஏணிகளை விரித்துப் படிக்கு ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி கதவருகே ஒரு மேஜையில் கையை ஊன்றி நின்றிருந்தார். கட்டைவிரலில் ஒரு பிளாஸ்திரி. முகத்தில் ஏணி வைத்தாலும் எட்டாத கோபம்.

"ரெண்டு நிமிஷம் கொடுங்க" என்று பாஸ் கேட்டாள். அவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் தரையைப் பார்த்தார். சரி என்பது போல முதலாளி தலையை ஆட்டினார்.

முதலில் தாடி ஓடியது, பழைய வரிசையில். கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு புதிய வரிசையில். தாடி ஒழுங்காக, நாளுக்கு நாள், மரியாதையாக வளர்ந்தது. யாரோ கை தட்டினார்கள். வரிசை எப்படிக் கெட்டது என்று பாஸ் நாலே வாக்கியத்தில் சொன்னாள்.

"இப்போ இந்தம்மாவோட திரை. நடுவுல பாக்காதீங்க. மூலையில ஸ்கோரைப் பாருங்க."

ஓடியது. பூஜ்யம்-பூஜ்யம். ஒன்று-பூஜ்யம் என்றதும் ஏணியின் மேல்படியில் இருந்த ஒருவர் "ஆஹா!" என்றார். இரண்டாவது கோலுக்குப் பாதிக் கூடம் கத்தியது. மூன்றாவதுக்கு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் விசில் அடித்தேன்.

"மேட்ச் பாக்கவா எல்லாரையும் கூப்பிட்டேன்!" முதலாளி மேஜையைத் தட்டினார்.

"ஆமா சார்" என்றாள் பாஸ். "இந்தம்மா மெயில் அனுப்பும்போது ஸ்கோர் என்ன?"

"ஒண்ணு-பூஜ்யம்!" என்றது கூடம்.

"வரைபடம் திறந்தப்போ?"

"ஒண்ணு-ஒண்ணு!"

"சார், போட்ட கோலை யாரும் திருப்பி வாங்க முடியாது. அப்போ எது முதல்ல நடந்திருக்கு?"

முதலாளி பிளாஸ்திரியைத் தடவினார். பாஸ் விடவில்லை. "செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு அந்த வரைபடத்தை அனுப்பினீங்க? உங்க போன்ல பாருங்க."

அவர் பார்த்தார். "பத்து இருபது."

"ஒண்ணு-ஒண்ணு ஆன கோல் விழுந்தது எப்போ?"

"பத்து பதிமூணு மேடம்!" என்று நான்கு ஏணிகளிலிருந்து நான்கு குரல்கள் வந்தன.

"உங்களுக்கெல்லாம் எப்படித் தெரியும்?" முதலாளி திரும்பினார். கூடம் முழுக்க விட்டத்தைப் பார்த்தது.

"பத்து பதிமூணுக்கு முன்னாடி போன மெயில்ல, பத்து இருபதுக்கு வந்த வரைபடம் எப்படி சார் இருக்கும்? கையில இல்லாததை யாரால கொடுக்க முடியும்?"

முதலாளி போனைத் தாழ்த்தினார். "அப்போ... அவங்களுக்கு என்னதான் அனுப்பினா?"

"அதைச் சொல்லணும்னு இவங்களுக்கு அவசியமே இல்ல" என்றாள் பாஸ். நானும் பலமாகத் தலையாட்டினேன். காதல் ரகசியத்தைச் சபையில் கேட்கிற நாகரிகம் என்ன நாகரிகம்?

கையேட்டுப் பெண் எழுந்து நின்றாள். "பரவால்ல மேடம், சொல்றேன். வேலை கேட்டு விண்ணப்பம் அனுப்பினேன் சார். அஞ்சு மணிக்கு எனக்கு அங்க நேர்முகம் இருக்கு."

என் காதல் கதை ஏணியோடு சாய்ந்தது. பாஸ் மட்டும் அசையவில்லை. இவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது, கழுதை.

"ஆறு வருஷம் இங்க இருந்துட்டு, ஏம்மா?" முதலாளிக்கு நிஜமாகவே வலித்தது, குரலில் தெரிந்தது.

"நம்ம ஏணியில மூணாவது கீல் விரலைக் கடிக்குதுன்னு எட்டுத் தடவை எழுதினேன் சார். ஒவ்வொரு கையேட்டு மேலயும் உங்களுக்குத் தனியா ஒரு சீட்டு வெச்சு அனுப்பினேன். நீங்க ஒண்ணைக்கூடப் பிரிக்கல."

முதலாளி பிளாஸ்திரி போட்ட கட்டைவிரலை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். கூடத்தில் இன்னும் ஐந்தாறு பேர் தங்கள் விரலைப் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆறு வருஷமா நான் எழுதினதைப் படிக்க உங்களுக்கு நேரம் இல்ல. பன்னிரண்டு செகண்டு படத்தை மட்டும் அப்படியே நம்பி, நாப்பத்திமூணு பேருக்கும் காட்டிட்டீங்க. காலையில இருந்து ஒருத்தரும் என் முகத்தைப் பாக்கல சார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

அப்போதுதான் அவள் அழுதாள். காகிதக் கைக்குட்டைப் பெட்டி கையில் இல்லாமல் போய்விட்டதே என்று நான் தவித்தேன். மச்சான் தன் கைக்குட்டையை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

"தப்பு பண்ணிட்டேம்மா" என்றார் முதலாளி அடித்தொண்டையில். "இவங்க முன்னாடி எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

அவள் கண்ணைத் துடைத்தாள். "நான் எழுதித் தரேன். அதுதானே என் வேலை."

மேஜையில் இருந்த ஒரு காகிதத்தை எடுத்தாள். நின்றபடியே, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி அவர் கையில் கொடுத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

"ஒன்று. மேஜையில் ஊன்றிய கையை எடுத்துவிட்டு நேராக நிற்கவும்."

நிமிர்ந்து நின்றார்.

"இரண்டு. 'இவர் எதையும் திருடவில்லை' என்று கடைசி ஏணியில் இருப்பவருக்கும் கேட்கும்படி சொல்லவும்." படித்தவர் காகிதத்தைத் தாழ்த்தினார். "இவங்க எதையும் திருடல" என்றார். கடைசி ஏணிக்காரர் காதில் கை வைத்தார். "இவங்க எதையும் திருடல!" என்று மறுபடி சொன்னார், இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்து.

"மூன்று. தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளவும். மச்சான் மேல் போட வேண்டாம்." ஒப்புக்கொண்டார். மச்சான் இன்னும் நன்றாகக் கூனிக் குறுகினார்.

"நான்கு. இதே வார்த்தைகளை நாற்பத்து மூன்று பேருக்கும் இன்றே எழுத்தில் அனுப்பவும். படம் தேவையில்லை." அங்கேயே செல்போனை எடுத்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். எங்களைச் சுற்றி நாற்பத்து மூன்று செல்போன்களும் அதிர்ந்தன. அவளுடையதும்தான்.

மணி நான்கு நாற்பது. பாஸ் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், சின்ன வயதில் பிடித்துக்கொள்வாளே, அப்படி.

முதலாளி காகிதத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். "ஐந்து. கதவை மறைத்து நிற்கிறீர்கள். கொஞ்சம் விலகவும்."

விலகினார். அவள் அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு வெளியே போனாள். ஏணிகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். முதலாளி அந்தக் காகிதத்தை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார். ஆறு வருஷத்தில் அவள் எழுதியதில் அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தது அது ஒன்றைத்தான்.